ஊர் திரும்பிய மூவர்

மாணவர் விடுதி ஒன்றில் மாதம் ஒருமுறை நாங்கள் வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன், கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தான். என்னப்பா என்று கேட்டோம். வகுப்புத் தோழன் ஒருவன் சிரித்துக்கொண்டே அவனிடம் கேட்டிருக்கிறான்: "உங்க தாத்தா பால் பவுடருக்குத்தானே மதம் மாறினாரு?" சுற்றி இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள். இவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான். "என்ன பதில் சொல்றதுன்னு தெரியலக்கா. அதான் சிரிச்சிட்டேன்" என்றான்.

அந்தச் சிரிப்பு எங்களைத் தூங்கவிடவில்லை. பால் பவுடர், கோதுமை, அரிசி என்று பொருள்தான் மாறுகிறது. ஏளனம் நூற்றைம்பது ஆண்டுகளாக ஒன்றுதான். சேரிக்காரனுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. யாரோ வெள்ளைக்காரன் வந்து எதையோ காட்டினான், இவன் பின்னாலேயே போய்விட்டான் என்பதுதான் அதன் உட்பொருள். இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கான பதில். மதத்துக்கு ஆள் சேர்க்க இதை எழுதவில்லை. எங்கள் வட்டத்தில் கிறித்தவர்களும் உண்டு, பௌத்தர்களும் உண்டு, கடவுளே வேண்டாம் என்பவர்களும் உண்டு. நம் மக்கள் எடுத்த ஒரு முடிவை நம் மக்களுடைய முடிவாகவே வரலாற்றில் எழுத வேண்டும் என்பதுதான் எங்கள் அக்கறை.

மூன்று பேரைப் பார்ப்போம். மூவரும் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஒருவர் பேசிய மொழி இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் மூவரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். வெளியூரில் ஒரு புதிய சொல்லைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

மயிலாடி

முதலாமவர் மகாராசன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியைச் சேர்ந்தவர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். சாம்பவர் என்றும் பறையர் என்றும் அழைக்கப்படும் சமூகத்தில் பிறந்தவர். பக்தி மிகுந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை போனார்.

தில்லை என்றதும் நமக்கு நந்தன் நினைவு வரும். உள்ளே போக ஆசைப்பட்ட புலையனைத் தீயில் இறக்கித் 'தூய்மை' செய்த ஊர். மகாராசன் தீயில் இறங்கவில்லை. மனம் நிறையாமல் திரும்பி நடந்தார். வழியில் தஞ்சாவூர் இருந்தது, அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் கிறித்தவர்கள். அந்த வீட்டில் தங்கியபோதுதான் புதிய நம்பிக்கையைப் பற்றிக் கேட்டார். தஞ்சையில் இருந்த மிஷனரி கோல்ஹாஃப் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். மகாராசன் வேதமாணிக்கம் ஆனார்.

அவர் தஞ்சையிலேயே தங்கியிருக்கலாம். சொந்தங்கள் இருந்தன, சபை இருந்தது, பாதுகாப்பு இருந்தது. ஆனால் மயிலாடிக்குத் திரும்பினார். வீட்டாரிடமும் உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் தான் கேட்டதைச் சொன்னார். எதிர்ப்பு வந்தது. ஆனாலும் ஒரு சிறு கூட்டம் அவரோடு நின்றது. அந்த ஊரில் அப்போது மிஷனரி எவரும் இல்லை; ஆலயமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை.

அந்தக் கூட்டத்துக்காக ஓர் ஆசிரியரைத் தேடி வேதமாணிக்கம் மீண்டும் சோழநாட்டுக்கு நடந்தார். 1805இல் தரங்கம்பாடியில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபேயைச் சந்தித்து, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கேட்டார். ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் உடல்நலம் கெட்டு ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போனபோது, சபைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேதமாணிக்கத்திடம் வந்தது. அடுத்த மிஷனரி மீட் வந்து சேரும்வரை அந்தச் சபைகள் சிதறாமல் இருந்ததற்கு அவரும் அவருடைய தோழர்களுமே காரணம்.

பள்ளிப் பாடங்களிலும் ஆலய விழா மலர்களிலும் 'ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்குக் கிறித்தவத்தைக் கொண்டுவந்தார்' என்று படிக்கிறோம். அந்த வாக்கியத்தில் எழுவாய் தவறு. ரிங்கல்தௌபேயைக் கூட்டி வந்தவர் ஒரு சாம்பவர். தேடிப் போனவரும் அவர்தான், அழைத்தவரும் அவர்தான்.

ஓங்கோல்

இரண்டாமவர் எர்ரகுண்ட்ல பெரய்யா. தெலுங்கு பேசும் மாதிகா. தோல் வேலையும் செருப்புத் தைப்பதும் அந்தச் சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட தொழில்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் ஊர்த் திருவிழாவில் பறையடிப்பதும் அவர்களுடைய 'கடமை'கள். அன்றைய சென்னை மாகாணத்தில், ஓங்கோலுக்கு மேற்கே தல்லகொண்டபாடு என்னும் சிற்றூர் அவருடையது.

பெரய்யா தோல் வியாபாரி. அதோடு, ராஜயோக மரபு ஒன்றில் தீட்சை பெற்று, தன் மக்கள் நடுவே குருவாகவும் மதிக்கப்பட்டவர். ஒன்றும் தெரியாத ஒரு மனிதரை யாரோ வந்து ஏமாற்றினார்கள் என்ற கதை இங்கே நொண்டுகிறது. அவர் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தவர். வியாபாரத்துக்காக வடக்கே ஏலூர்ப் பக்கம் போனபோதுதான் கிறித்தவத்தைப் பற்றிக் கேட்டார். கேட்டதைத் தோல் கட்டோடு சேர்த்து ஊருக்குச் சுமந்து வந்தார். 1866இல் அவரும் மனைவி நாகம்மாவும் திருமுழுக்குப் பெற்றார்கள்.

அந்த ஆண்டுதான் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப் ஓங்கோலில் குடியேறினார். 1867 சனவரி முதல் நாள் அங்கே சபை தொடங்கியபோது உறுப்பினர்கள் வெறும் எட்டுப் பேர். அதே காலத்தில் தல்லகொண்டபாட்டுக்குப் போன கிளஃப், பெரய்யாவின் பேச்சைக் கேட்டுப் பல ஊர்களிலிருந்து வந்து காத்திருந்த மாதிகாக்களைப் பார்த்தார். மிஷனரி வருவதற்கு முன்பே அறுவடை தயாராக இருந்தது. விதைத்தவர் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பெரய்யா எப்படிப் பேசினார்? மேடை போட்டுப் பேசவில்லை. கிளஃபின் துணைவி எம்மா ரவுஷன்புஷ்-கிளஃப், மாதிகாக்களின் வாய்மொழி நினைவுகளைக் கேட்டுத் தொகுத்து 1899இல் ஒரு நூல் வெளியிட்டார். 'செருப்புத் தைக்கும்போது' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். தலைப்பே முறையைச் சொல்லிவிடுகிறது. வேலை நடக்கும் இடத்தில், கை ஊசியை இழுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேசும் பேச்சு. பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தொழில் ஒன்று, இழிவு ஒன்று. பெண்களிடம் நாகம்மா பேசினார். யாரும் யாருக்கும் மேலே நின்று பேசவில்லை.

இந்த நட்புக்கு ஒரு சோதனை வந்தது. ஓங்கோலில் கிளஃபின் பேச்சைக் கேட்கவும் அவரிடம் படிக்கவும் சில சாதி இந்துக்கள் ஆர்வம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். மாதிகாக்கள் கூட்டமாக வந்ததும், இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். மேல் சாதியைப் பிடித்தால் கீழே உள்ளவர்கள் தாமாக வருவார்கள் என்பது அந்தக் கால மிஷனரிகள் பலரின் கணக்கு. கிளஃப் திணறினார். எளியவர்களையே கடவுள் தேர்ந்தெடுத்தார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதியை அன்றைக்குத் தானும் தன் மனைவியும் தனித்தனியே திறந்து வாசித்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மாதிகாக்களின் பக்கம் நின்றார். மிஷனரியைப் பாராட்ட இதை நாம் சொல்லவில்லை. பெரய்யா ஊர் ஊராக நடந்து மக்களைத் திரட்டியிருக்காவிட்டால், கிளஃபுக்கு அப்படித் தேர்வு செய்ய வேண்டிய கட்டாயமே வந்திருக்காது.

மாதிகாக்கள் இதற்கு விலை கொடுத்தார்கள். செத்த மாட்டு இறைச்சி தின்ன மாட்டோம், திருவிழாவில் பறையடிக்க மாட்டோம், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டோம் என்றார்கள். மூன்றாவதை நன்றாகக் கவனியுங்கள், தோழர்களே. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதை நம் மக்கள் ஆண்டைகளிடம் கேட்டுவிட்டு எடுக்கவில்லை. அதை ஒரு வேலைநிறுத்தம் என்றே நாம் படிக்க வேண்டும். ஊர் திருப்பி அடித்தது. கிணறு மறுக்கப்பட்டது, பொய் வழக்குகள் வந்தன.

பிறகு 1876-78 பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அன்று வெட்டப்பட்டுக்கொண்டிருந்த பக்கிங்காம் கால்வாயில் ஏறத்தாழ மூன்று மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் எடுத்தார். நம் சென்னைக்குள் இன்று கறுத்துக் கிடக்கும் அதே கால்வாய்தான். அங்கே மாதிகா ஊழியர்களே மேற்பார்வையாளர்கள். பசியோடு வந்தவர்களுக்கு வேலை கொடுத்தவர்களும், இளைப்பாறும் நேரத்தில் உட்கார்ந்து பேசியவர்களும் அவர்களே.

'அரிசிக் கிறித்தவர்' என்ற ஏளனத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடையாது. ஆகவே இதைச் சுற்றிவளைக்காமல் பார்ப்போம். நிவாரண வேலை நடந்த ஓர் ஆண்டுக்கும் மேலான காலத்தில், கேட்டவர்களுக்குக்கூடத் திருமுழுக்குக் கொடுக்க மிஷன் மறுத்தது. சோற்றுக்காக வருகிறார்கள் என்ற ஐயம் மிஷனுக்கே இருந்தது. நிவாரணம் நின்ற பிறகும் மக்கள் விடவில்லை. 1878 சூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். தண்ணீரில் நின்று அதைக் கொடுத்தவர்கள் கிளஃப் அல்லர், இந்திய ஊழியர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.

பஞ்சத்தில் கிடைத்த உதவிக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? உண்டு. சாகும் நேரத்தில் யார் பக்கத்தில் நின்றார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்று மக்கள் பார்த்தார்கள். பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தார்கள். அதை அறிவு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? நண்பன் யார் என்று பசியில் தெரிந்துகொள்வது ஏமாறுவது ஆகாது.

சியால்கோட்

மூன்றாமவர் டிட். ஊர் மிராலி, பஞ்சாபின் சியால்கோட் மாவட்டம், இன்று பாகிஸ்தான். சூஹ்ரா சாதி. துப்புரவு, செத்த கால்நடைகளை அகற்றுதல், ஜாட் நிலவுடைமையாளர்களின் வயலில் கூலி வேலை ஆகியவை அவர்கள் தலையில் கட்டப்பட்டிருந்தன. டிட் சிறிய உருவம் கொண்டவர்; ஒரு கால் ஊனம். ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்கி விற்றுப் பிழைத்தார்.

அமெரிக்க ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் மிஷன் அங்கே 1855 முதல் வேலை செய்துவந்தது. பதினெட்டு ஆண்டுகளில் கிடைத்த பலன் சொற்பம். பக்கத்து ஊரில் நட்டு என்று ஒருவர் கிறித்தவராகியிருந்தார். ஊர்த் தலைவரின் வாரிசு, ஜாட் சாதி. மதம் மாறியதால் உரிமையை இழந்தவர். மிஷன் பெரிதாக நம்பிக்கை வைக்காத மனிதர். அந்த நட்டுதான் டிட்டிடம் பேசினார். டிட்டைச் சியால்கோட்டுக்கு அழைத்துப் போனார். அது 1873 சூன்.

மிஷனரி சாமுவேல் மார்ட்டின் தயங்கினார். இன்னும் கொஞ்சக் காலம் படித்துவிட்டுத் திருமுழுக்குப் பெறலாமே என்று நினைத்தார். மறுக்கவும் காரணம் கிடைக்காமல் திருமுழுக்குக் கொடுத்தார். அதைவிட அவரைத் திகைக்க வைத்தது டிட் அடுத்துச் சொன்னது: நான் ஊருக்குப் போகிறேன். மதம் மாறியவர்களை மிஷன் வளாகத்திலேயே தங்கவைத்துப் பாதுகாத்துப் பழகியிருந்த காலம் அது. இந்த ஊனக்கால் மனிதரோ பாதுகாப்பு வேண்டாம் என்றார். அவருடைய மனைவி ஊரில் இருந்தார், மகள் இருந்தார், அண்டை வீட்டார் இருந்தார்கள், தோல் வியாபாரம் இருந்தது.

ஊரில் வரவேற்பு கசப்பாக இருந்தது. மிஷனை நிறுவிய ஆண்ட்ரூ கார்டன் தன் வரலாற்று நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். துரை ஆகிவிட்டாயோ என்று கேலி செய்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் மதம் மாறினாயே, இனி உன்னோடு உண்பதும் இல்லை, புழங்குவதும் இல்லை என்றார்கள். ஒரு கால் ஏற்கெனவே போயிற்று, மற்றதும் அப்படியே போகட்டும் என்று உறவுக்காரப் பெண்ணே சபித்தார். டிட் ஊரைவிட்டு ஓடவில்லை. சண்டையும் போடவில்லை. இருந்தார், பேசினார், தோல் வாங்கப் போன ஊர்களிலெல்லாம் பேசினார்.

இரண்டே மாதத்தில் மனைவியையும் மகளையும் அண்டை வீட்டார் இருவரையும் அழைத்துக்கொண்டு, முப்பது மைல் நடந்து சியால்கோட்டுக்கு வந்தார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. மார்ட்டின் கேள்வி கேட்டுப் பார்த்து, நிறைவடைந்து, திருமுழுக்குக் கொடுத்தார். அவர்களும் உடனே ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மேலும் நால்வர் வந்தார்கள். பத்து ஆண்டு சென்றதும் அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோர். 1915 வாக்கில் சியால்கோட் மாவட்டத்துச் சூஹ்ராக்களில் பெரும்பாலோர் கிறித்தவராகியிருந்தார்கள். மிஷன் போட்ட திட்டம் எதிலும் சூஹ்ரா என்ற பெயரே இருந்ததில்லை. ஒரு தோல் வியாபாரியின் அறிமுகங்கள் வழியே அது நடந்தது.

மூன்றிலும் பொதுவாக உள்ளது

சமூகவியல் படித்த பழக்கத்தில் மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

முதலாவது, பாதை. தஞ்சாவூர்ச் சொந்தம், ஏலூர் வியாபாரம், சியால்கோட் தோல் சுற்று. மிஷன் நிறுவனம் இந்தப் பாதைகளைப் போடவில்லை. கொள்வினை கொடுப்பினையும் தொழிலும் போட்ட பாதைகள் இவை. இழிதொழில் என்று சாதி நம் மக்கள் தலையில் கட்டிய தோல் வேலையே, ஊர் ஊராக நடக்கும் சுதந்திரத்தையும் ஊர் ஊராக நண்பர்களையும் கொடுத்தது. சாதி கட்டிய கயிற்றிலேயே நம் மக்கள் ஏறி வந்தார்கள்.

இரண்டாவது, திரும்பி வருதல். சொல்லிவிட்டுப் போய்விடுகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். டிட் சொன்னதை மனைவியும் அண்டை வீட்டாரும் நம்பியதற்கு, அவர் சொன்ன பிறகும் அதே தெருவில் இருந்தார் என்பதே காரணம். அவர் சொல் பொய்யானால் அவருடைய வாழ்க்கையே நாறிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, கணக்கு இல்லாமை. மிஷன் அறிக்கைகளில் எண்கள் இருக்கும். எத்தனை பேர், எந்த ஊர், எவ்வளவு செலவு. வேதமாணிக்கம் அண்டை வீட்டாரிடம் பேசியபோது எந்த அறிக்கைக்கும் அது பதிலாகவில்லை. தனக்குக் கிடைத்த நல்லதைத் தன்னவர்களிடம் மறைக்க முடியாமல் சொன்னார். எதிரில் இருப்பவரை எண்ணிக்கையாகப் பார்க்காத இடத்தில்தான் நட்பு இருக்கிறது.

எடின்பரோவில் கேட்ட குரல்

நம்பிக்கை நட்பின் வழியே பரவியது. அந்த நட்பு திருச்சபைக்குள் தங்கியதா?

1910 சூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் நாடார் குடும்பத்தில் பிறந்தவர். முந்தைய ஆண்டுதான் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்காகப் போயிருந்தார். மேற்கத்திய மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே உறவு சரியில்லை என்று அந்த மேடையில் முகத்துக்கு நேரே சொன்னார். நீங்கள் உங்கள் உடைமைகளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள். எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அந்தப் பேச்சின் முடிவு. அரங்கில் பலர் முகம் சுளித்தார்கள். 1912 டிசம்பரில் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா மக்களிடையே இறுதிவரை வாழ்ந்தார்.

உயிரைக் கொடுப்பவர்கூட நாற்காலி கொடுக்கத் தயங்கலாம் என்பதை அந்தப் பேச்சு வெளிச்சமாக்கியது. வெள்ளையரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நமக்குள்ளும் அதே கேள்வி உண்டு.

உறவுப் பாதையில் வந்த நம்பிக்கை, அந்தப் பாதை முடிந்த இடத்தில் பெரும்பாலும் தானும் நின்றுவிட்டது. பாதை சாதிக்குள் ஓடியது; சாதியின் எல்லையில் முட்டியது. ஆந்திரத்தில் மாலாக்களும் மாதிகாக்களும் பல இடங்களில் தனித்தனிச் சபைகளாகவே வளர்ந்தார்கள். தமிழ்நாட்டில் தனி வரிசை, தனிக் கல்லறை, சேரிக்குள் வராத தேர் என்று இன்றும் போராடிக்கொண்டிருக்கிறோம். அம்பேத்கர் தீண்டப்படாதவர்களின் மதமாற்றம் பற்றி எழுதிய கட்டுரைகளில், மதம் மாறியவரிடையே சாதியை ஒழிக்க மிஷனரிகள் தவறிவிட்டார்கள் என்று கடுமையாகச் சாடியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டுக்குத் திருச்சபை இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் தனி டம்ளரைத் தேடுகிறவர் நம் நண்பர் அல்லர்.

பசுவும் சட்டமும்

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1936இல் காந்தியைச் சந்தித்தார் ஜான் மாட்; எடின்பரோ மாநாட்டுக்குத் தலைமை வகித்த அதே மாட். பேச்சு தீண்டப்படாதவர்களிடம் மதம் பரப்புவது பற்றித் திரும்பியது. ஒரு பசுவிடம் போய் நற்செய்தி சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். புரிந்துகொள்ளும் திறனில் தீண்டப்படாதவர் சிலர் பசுவைவிட மோசம் என்ற பொருளில் பேசினார். 'ஹரிஜன்' இதழிலேயே அது வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்திருந்தார்.

டிட் மிராலிக்குத் திரும்பி நடந்து அப்போது 63 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பெண்களையோ, சிறாரையோ, பட்டியல் சாதி, பழங்குடியினரையோ மதம் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது அது. சிறாருக்குப் பக்கத்தில் நம்மை உட்கார வைத்தார்கள். எதிர்ப்புக்குப் பின் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அதே அச்சில் வார்த்த சட்டங்கள் பல மாநிலங்களில் இன்று நடைமுறையில் இருக்கின்றன. பசு என்று சொன்ன வாயும் சிறார் என்று எழுதிய பேனாவும் ஒன்றையே சொல்கின்றன: இவர்களுக்குச் சொந்த மனம் கிடையாது.

மதம் மாறிய பிறகும் சாதி விடவில்லை என்பதை அரசும் அறியும். ஆனாலும் 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் நிலை இதுவே. டிட்டின் மக்களுடைய வழித்தோன்றல்கள் பாகிஸ்தானின் நகரங்களில் இன்றும் சாக்கடைக் குழிகளில் இறங்குகிறார்கள். துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதவர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்ற விளம்பரங்கள் அங்கே வந்திருக்கின்றன. பெயர் மாறியது, வேதம் மாறியது, நாடே மாறியது; மலக்குழி அதே ஆளைத் தேடி வருகிறது.

அப்படியானால் அந்த மூவரும் நடந்தது வீணா? இல்லை என்பதே எங்கள் பதில். செத்த மாட்டைத் தூக்க மாட்டேன் என்று முதன்முதலில் சொன்ன வாய் வீணாகப் போகாது. எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெண், விடுமுறை எடுத்த முதல் கூலியாள், ஊர் முழுக்க எதிர்த்தபோதும் தெருவைவிட்டுப் போகாத ஊனக்கால் மனிதர், இவர்கள் நமக்கு விட்டுச்சென்றது பெரிய சொத்து. அவர்கள் முடிக்காமல் விட்ட வேலை ஒன்றும் உண்டு. தன் சாதிக்குள் ஓடிய நட்பை அடுத்த சாதியின் தெருவரை நடத்திப் போவது. பறையர் வீட்டில் அருந்ததியர் சோறு தின்பதும், அருந்ததியர் வீட்டில் பள்ளர் பெண் மருமகளாவதும் இன்றைக்கும் செய்தியாக இருக்கும்வரை அந்த வேலை நம் தலையில்தான்.

களத்தில் இருக்கும் தோழர்களுக்கும் இந்த வரலாறு ஒன்று சொல்கிறது. நாமும் சேரிக்குப் போகிறோம், கருத்துச் சொல்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம், அறிக்கை எழுதுகிறோம். எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று எண்ணுகிறோம். வராதவர் வீட்டில் அடுத்த வாரம் போய்த் தேநீர் குடிக்கிறோமா? நம் கருத்தை ஏற்காதவரின் வீட்டுச் சாவுக்குப் போய் நிற்கிறோமா? நம் பக்கம் வந்தால்தான் நட்பு என்றால், அதற்குப் பெயர் ஆள் பிடிப்பது. மதம் செய்தாலும் அப்படித்தான், இயக்கம் செய்தாலும் அப்படித்தான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தத் தம்பியிடம் டிட்டின் கதையைச் சொன்னோம். அமைதியாகக் கேட்டான். "எங்க தாத்தா கதை எனக்குத் தெரியாதேக்கா" என்றான். "ஊருக்குப் போறப்போ பாட்டிகிட்ட கேளு. அவங்களுக்கு யார் சொன்னாங்கன்னு கேளு. சாமியார் பேரைச் சொன்னா விடாதே; அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து திண்ணையில உட்கார்ந்து பேசினது யாருன்னு கேளு" என்றோம்.

உங்களுக்கும் அதையே சொல்கிறோம். கேளுங்கள், எழுதி வையுங்கள். நம் வரலாற்றின் எழுவாய் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது.